பக்கவிளைவுக்கு எழுதிய மாத்திரைக்கும் பக்கவிளைவு உண்டு

மார்பகப் புற்றுநோய்க்குச் சிகிச்சை எடுத்த காலத்தில் என்னைச் சிக்கலில் மாட்டிவிட்டது பெரும்பாலும் கீமோ மருந்து இல்லை. கீமோ மருந்தை எடை, உயரம், ரத்தப் பரிசோதனை எல்லாம் பார்த்துக் கணக்குப் போடுவார்கள். இரண்டு நர்ஸ்கள் பெயரைக் கேட்டுச் சரிபார்த்த பிறகுதான் அது உடம்புக்குள் இறங்கும். அதைச் சுற்றி வரும் சின்ன மாத்திரைகளுக்கு அந்த மரியாதை கிடைப்பதில்லை. வாந்திக்கு ஒன்று, வயிற்றெரிச்சலுக்கு ஒன்று, தூக்கத்துக்கு ஒன்று, வாய்ப்புண்ணுக்கு ஒன்று. ஆளுக்கு ஒருவர் எழுதுவார்கள். எல்லாவற்றையும் ஒன்றாகச் சேர்த்துப் பார்க்கும் வேலை யாருடையது என்பது மட்டும் தெளிவாக இருக்காது.

நாற்பதுகளின் கடைசியில் இருக்கும் பெண் வெறுங்கையோடு புற்றுநோய்ப் பிரிவுக்குள் போவது அபூர்வம். தைராய்டு, ரத்த அழுத்தம், சர்க்கரை, ஒற்றைத் தலைவலி, மனப் பதற்றம் என்று ஏதோ ஒன்றுக்கு மாத்திரை ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும். எனக்கு மூன்று இருந்தன. தைராய்டுக்கு லெவோதைராக்ஸின், ரத்த அழுத்தத்துக்கு டெல்மிசார்டனும் ஹைட்ரோகுளோரோதயசைடும் சேர்ந்த மாத்திரை, பதற்றத்துக்கு எஸிடாலோபிராம். அதன்மேல் கீமோவின் வாந்தியை அடக்க ஒன்டான்செட்ரான், அப்ரெபிடன்ட், டெக்ஸாமெதசோன் என்ற ஸ்டீராய்டு, இரவுக்கு ஒலான்சபின், வயிற்றெரிச்சலுக்குக் காலையில் பான்டோப்ரசோல் வந்து சேர்ந்தன. எதுவும் தேவையில்லாதது அல்ல. வாந்தியை அடக்க இன்று இத்தனை நல்ல மருந்துகள் இருப்பதால்தான் கீமோ தாங்கக்கூடியதாக இருக்கிறது. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இதைப் படித்துவிட்டு யாரும் மாத்திரையைத் தூக்கிப் போட்டுவிடக் கூடாது.

என் கதை இப்படித்தான் சுற்றியது. ஒன்டான்செட்ரான் வாந்தியை நன்றாக நிறுத்தியது, கூடவே மலச்சிக்கலையும் கொண்டுவந்தது. அது அந்த மருந்தின் நன்றாகத் தெரிந்த பக்கவிளைவு. மலச்சிக்கலுக்கு மலமிளக்கி வந்தது. மலமிளக்கி கொஞ்சம் அதிகமாகவே வேலை செய்ய, வயிற்றுப்போக்கு. அதற்கு லோபெரமைடு. இடையில் வாயில் வெள்ளைப் படலம் படிந்து பூஞ்சைத் தொற்று என்றார்கள். வேறொரு டாக்டர் ஃப்ளூகோனசோல் எழுதினார். ஒவ்வொரு சீட்டையும் தனியாக எடுத்துப் பார்த்தால் குறை சொல்ல முடியாது. எனக்கோ படியேறினால் நெஞ்சு படபடத்தது, எழுந்தால் கண் இருட்டியது. கீமோ என்றால் இப்படித்தான் இருக்கும் என்று எல்லாரும் சொன்னார்கள். அந்த வாக்கியத்தை இப்போது கேட்டாலே எனக்குக் கோபம் வருகிறது. கீமோ நோயாளிக்கு எது நடந்தாலும் பழியை ஏற்றுக்கொள்ள கீமோ தயாராக நிற்கிறது.

கண்டுபிடித்தது கீமோ வார்டில் இருந்த பார்மசிஸ்ட். வயதில் சின்னவர். அடுத்த சுற்றுக்கு முன்னால் வீட்டில் சாப்பிடும் மாத்திரை அட்டைகள் எல்லாவற்றையும் கொண்டுவரச் சொன்னார். என் தங்கை ஒரு பை நிறையக் கொண்டுவந்து கொட்டினாள். அவர் அவற்றை நோய்வாரியாகப் பிரிக்கவில்லை. ஒன்டான்செட்ரான், எஸிடாலோபிராம், ஃப்ளூகோனசோல் மூன்றையும் ஒரு பக்கம் வைத்தார். ரத்த அழுத்த மாத்திரையையும் பான்டோப்ரசோலையும் இன்னொரு பக்கம் வைத்தார். “அம்மா, இந்த மூணும் இதயத்தை ஒரே பக்கமா இழுக்குது. இந்த ரெண்டும் பேதியும் சேர்ந்து அதுக்குத் துணை போகுது. இன்னைக்கு ஈசிஜியும் பொட்டாசியமும் பாக்காம மருந்து ஏத்த வேண்டாம்னு டாக்டர்கிட்ட சொல்றேன்” என்றார்.

அவர் விளக்கியதையும் பிறகு நான் படித்துத் தெரிந்துகொண்டதையும் சேர்த்துச் சொல்கிறேன். இதயம் ஒவ்வொரு துடிப்பிலும் மின்னேற்றம் கொண்டு சுருங்கி, பிறகு அடுத்த துடிப்புக்குத் தயாராகும். அதற்கு எடுக்கும் நேரத்தை ஈசிஜியில் க்யூடி இடைவெளி என்பார்கள். சில மருந்துகள் இதை நீட்டிவிடும். அளவுக்கு மேல் நீண்டால் துடிப்பு தாறுமாறாகி மயக்கம் வரலாம், மிக அரிதாக உயிருக்கே ஆபத்தாகலாம். ஒன்டான்செட்ரான் நீட்டும், எஸிடாலோபிராம் நீட்டும், ஃப்ளூகோனசோல் நீட்டும், போதாததற்கு எஸிடாலோபிராமைக் கல்லீரல் கழித்துக் கட்டுவதையும் தாமதப்படுத்தி ரத்தத்தில் அதன் அளவைக் கூட்டும். பொட்டாசியமும் மக்னீசியமும் குறைந்திருந்தால் ஆபத்து இன்னும் அதிகம். வயிற்றுப்போக்கு பொட்டாசியத்தை வெளியேற்றும், ஹைட்ரோகுளோரோதயசைடு சிறுநீர் வழியாக அதையே செய்யும், பான்டோப்ரசோல் வகை மாத்திரைகளை நெடுநாள் சாப்பிட்டால் மக்னீசியம் இறங்கலாம். இதற்கெல்லாம் மேல், பெண்களுக்கு இந்த இடைவெளி இயல்பாகவே ஆண்களைவிடக் கொஞ்சம் நீளம். பெண்ணாக இருப்பதே ஆபத்துக் காரணிகளின் பட்டியலில் ஒன்று.

ஒன்டான்செட்ரான் பற்றிய இந்த எச்சரிக்கை புதிதல்ல. அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ 2012-இலேயே, நரம்பு வழியாக ஒரே தடவையில் 32 மில்லிகிராம் கொடுக்கக் கூடாது, ஒரு தடவைக்கு 16 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது என்று சொல்லிவிட்டது. வழக்கமாகத் தரும் 8 மில்லிகிராம் மாத்திரை பெரும்பாலானவர்களுக்குப் பாதுகாப்பானதுதான். என் விஷயத்தில் பிரச்சினை அளவில் இல்லை, கூட்டாளிகளில் இருந்தது.

இன்னொன்றையும் அன்றுதான் புரிந்துகொண்டேன். கீமோ தொடங்கும் முன் எக்கோ எடுத்து இதயம் நன்றாக இருக்கிறது என்று சொல்லியிருந்தார்கள். இதயம் எவ்வளவு பலமாகப் பம்ப் செய்கிறது என்பதை எக்கோ காட்டும். மின்சாரப் பக்கத்தைக் காட்டுவது ஈசிஜிதான். ஒன்று நன்றாக இருப்பதால் மற்றதும் நன்றாக இருக்கிறது என்று ஆகாது.

அன்று எடுத்த ஈசிஜியில் இடைவெளி நீண்டிருந்தது, பொட்டாசியமும் குறைவு. பயப்படும் அளவுக்கு இல்லை என்றாலும் அப்படியே விடும் அளவும் இல்லை. டாக்டர் செய்த மாற்றங்கள் எளிமையானவை. ஃப்ளூகோனசோலுக்குப் பதில் வாயில் வைத்துக் கொப்பளிக்கும் நிஸ்டாட்டின். அது குடலிலிருந்து ரத்தத்துக்குள் ஏறுவதே இல்லை என்று சொல்லலாம், அதனால் மற்ற மருந்துகளோடு சண்டைக்குப் போகாது. ஒன்டான்செட்ரானுக்குப் பதில் அதே குடும்பத்தைச் சேர்ந்த, இடைவெளியை நீட்டாத பலோனோசெட்ரான் ஊசி. ரத்த அழுத்த மாத்திரையிலிருந்து தயசைடு போனது, டெல்மிசார்டன் மட்டும் நின்றது. பொட்டாசியத்தை ஏற்றினார்கள். எஸிடாலோபிராமைத் தொடவில்லை. திடீரென்று நிறுத்தினால் தலைசுற்றல், எரிச்சல், தூக்கக் கேடு என்று அது வேறொரு பிரச்சினையாகும். படபடப்பு அந்தச் சுற்றிலேயே அடங்கியது.

அதன் பிறகு புது மாத்திரை எது வந்தாலும் நான் கேட்கும் கேள்வி ஒன்றே: இந்தத் தொந்தரவை நான் ஏற்கெனவே சாப்பிடும் மாத்திரை ஏதாவது கொண்டுவந்திருக்குமா? ஆமாம் என்றால் புதிதாகச் சேர்ப்பதா, பழையதைக் குறைப்பதா, நேரத்தை மாற்றுவதா என்று பேசலாம். எந்த டாக்டரும் இந்தக் கேள்விக்கு முகம் சுளித்ததில்லை. சிலர் ஒரு கணம் நிறுத்தி, சீட்டை மறுபடி வாங்கிப் பார்த்தார்கள்.

தூக்க மாத்திரைகளின் விஷயம் இதைவிட அமைதியானது, அதனால் ஏமாற்றக்கூடியது. ஒலான்சபின் வாந்தியை அடக்குவதில் கெட்டிக்காரன், ஆனால் தூக்கத்தையும் இழுத்துவரும். கீமோவின் இரண்டாம் பகுதியில் பக்லிடாக்சல் என்ற கீமோ மருந்தை ஏற்றியபோது உள்ளங்காலில் மரத்துப்போதலும் எரிச்சலும் வந்தன, அதற்கு ப்ரீகாபலின் சேர்ந்தது. டெக்ஸாமெதசோன் போட்ட இரவில் கண் மூடாது, அதற்காகத் தேவைப்பட்டால் சாப்பிட லொராசெபாம் கொடுத்திருந்தார்கள். மூன்றும் மூளையை மந்தமாக்குபவை. ஒரு காலையில் நான் பேசியது குழறியது என்று கவனித்தது என் தங்கைதான். எனக்கு எதுவும் தெரியவில்லை. மரத்த காலோடு, அரைத்தூக்கத்தில், இரவில் கழிப்பறைக்கு எழும் பெண் கீழே விழுவதற்கு எவ்வளவு நேரமாகும்? அதைச் சொன்னதும் லொராசெபாமை எடுத்துவிட்டு, டெக்ஸாமெதசோனைக் காலையிலேயே சாப்பிடச் சொன்னார்கள். தூக்கம் தானாக ஓரளவு திரும்பியது. வலிக்கு மார்ஃபின் வகை மருந்து எடுப்பவர்கள் இதில் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். அந்த வகையும் லொராசெபாம் வகையும் ஒன்றாகச் சேர்ந்தால் மூச்சே மந்தப்படலாம். எஃப்டிஏ 2016-இல் இரண்டு வகைக்கும் தன் மிகக் கடுமையான எச்சரிக்கையைப் போட்டது. ஒலான்சபின் எடுப்பவர்களுக்கு வாந்திக்கென்று கூடவே மெட்டோகுளோப்ரமைடு எழுதப்பட்டால், அதையும் கேட்டுவிடுங்கள். இரண்டும் மூளையில் செய்தி கடத்தும் டோபமைனைத் தடுப்பவை. தசை இறுக்கம், கை நடுக்கம், ஓரிடத்தில் உட்கார முடியாத தவிப்பு ஆகியவை வரலாம்.

வெள்ளை அணுக்களைக் கூட்டும் ஊசி போட்ட பிறகு எலும்புக்குள் வலிக்கும். இடுப்பில், தொடையில், யாரோ உள்ளிருந்து குடைவது போல. இந்த வலிக்குக் கையில் கிடைத்ததைப் போட்டுக்கொள்ளத் தோன்றும். ஐபுப்ரோஃபென் வகை மாத்திரைகள் ரத்தத்தை உறைய வைக்கும் தட்டணுக்கள் குறைந்திருக்கும் நேரத்தில் ரத்தக்கசிவை உண்டாக்கலாம், டெக்ஸாமெதசோனோடு சேர்ந்தால் வயிற்றில் புண். எஸிடாலோபிராம் வகையும் தட்டணுக்களின் வேலையைக் கொஞ்சம் குறைக்கும் என்பதால் மூன்றும் சேர்வது நல்லதல்ல. டிரமடால் என்ற வலி மாத்திரை என்றால் அதில் வேறு வம்பு. எஸிடாலோபிராம், வென்லாஃபாக்சின் போன்ற மனப் பதற்ற மாத்திரைகளோடு டிரமடால் சேரும்போது, நரம்புகளுக்கிடையே செய்தி கடத்தும் செரடோனின் மிகையாகி வியர்வை, நடுக்கம், பதைபதைப்பு, பேதி, காய்ச்சல் எல்லாம் வரலாம். நம் வயதுப் பெண்ணுக்கு இந்த அறிகுறிகள் வந்தால், மாதவிடாய் நிற்கும் காலம், அப்படித்தான் வியர்க்கும் என்று எளிதில் தள்ளிவிடுவார்கள். இன்னொரு முரணும் உண்டு: ஒன்டான்செட்ரான் டிரமடாலின் வலி நீக்கும் திறனைக் குறைக்கிறது. கூடுதலாக மாத்திரை சாப்பிட்டும் வலி குறையாமல் போகலாம்.

எனக்குப் பாராசிட்டமால் போதுமானதாக இருந்தது. ஆனால் அதை மாத்திரையோடு மாத்திரையாக விழுங்காமல், ஒவ்வொரு தடவையும் முதலில் வெப்பமானியை வைத்துப் பார்க்கச் சொன்னார்கள். கீமோ காலத்தில் 38 டிகிரி செல்சியஸ், அதாவது 100.4 ஃபாரன்ஹீட் என்பது மருத்துவமனைக்குக் கிளம்ப வேண்டிய எண். பாராசிட்டமால் அந்த எண்ணை மறைத்துவிடும், டெக்ஸாமெதசோனும் மறைக்கும். வெள்ளை அணு இல்லாத உடம்பில் காய்ச்சல் ஒன்றுதான் மணியடிக்கும். அதை அணைத்துவிட்டால் தொற்று பரவுவது தெரியாது. அப்புறம், சளி மாத்திரையிலும் டிரமடால் கலவை மாத்திரையிலும் பாராசிட்டமால் ஒளிந்திருக்கும். நாளொன்றுக்கு 4 கிராம் என்பது ஆரோக்கியமான பெரியவர்களுக்கான உச்ச வரம்பு. கல்லீரல் சோர்ந்திருப்பவர்களுக்கு அதற்கும் குறைவு.

தைராய்டைப் பற்றிக் கொஞ்சம். கீமோ முடிந்தும் சோர்வு போகவில்லை. முடி கொட்டியது, தோல் வறண்டது, எதிலும் மனம் ஒட்டவில்லை. புற்றுநோய்ச் சோர்வு என்று ஒரு பெயர் இருப்பதால் அதோடு விட்டுவிட்டார்கள். டிஎஸ்எச் என்ற ரத்தப் பரிசோதனை பார்த்தபோது அது நன்றாக ஏறியிருந்தது, அதாவது உடம்புக்குத் தைராய்டு ஹார்மோன் போதவில்லை. மாத்திரையின் அளவு மாறவில்லை, சுற்றுப்புறம் மாறியிருந்தது. எலும்புக்காகக் கொடுத்த கால்சியத்தைக் காலையிலேயே சாப்பிடச் சொல்லியிருந்தார்கள். அது குடலில் லெவோதைராக்ஸினைப் பிடித்து வைத்துக்கொள்ளும். இரும்புச்சத்து மாத்திரையும் அப்படியே. இவற்றுக்கும் தைராய்டு மாத்திரைக்கும் இடையில் 4 மணி நேரம் வேண்டும். பான்டோப்ரசோல் வயிற்று அமிலத்தைக் குறைப்பதால் தைராய்டு மாத்திரை சரியாக உறிஞ்சப்படாமல் போகலாம். கால்சியத்தை இரவு உணவோடு மாற்றி, பான்டோப்ரசோலை நிறுத்திய பிறகு டிஎஸ்எச் இறங்கியது. கீமோவில் இருக்கும் தைராய்டு நோயாளிகள் டிஎஸ்எச்சைக் கேட்டு வாங்கிப் பார்த்துக்கொள்வது நல்லது.

அப்ரெபிடன்ட் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். டெக்ஸாமெதசோனைக் கல்லீரல் கழிப்பதை அது தாமதப்படுத்தும், அதனால் வாந்திக்காகக் கொடுக்கும் டெக்ஸாமெதசோன் அளவை ஏறக்குறைய பாதியாக்குவார்கள். ரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் சாப்பிடுபவர்களுக்கு வார்ஃபரினின் வேலையைக் குறைத்துவிடும். ஒவ்வொரு சுற்றுக்குப் பிறகும் 7 முதல் 10 நாளில், ரத்தம் உறையும் வேகத்தைக் காட்டும் ஐஎன்ஆர் பரிசோதனை பார்க்க வேண்டும். கருத்தடை மாத்திரையின் பலனையும் குறைக்கும், கடைசி அப்ரெபிடன்டுக்குப் பிறகும் 28 நாள் வரை. ஹார்மோன் சார்ந்த மார்பகப் புற்றுநோயில் அந்த மாத்திரையே கூடாது, அது வேறு. ஆனால் குடல் புற்றுநோய், லிம்போமா போன்றவற்றுக்குக் கீமோ எடுக்கும் நாற்பது வயதுப் பெண்ணிடம் இதைப் பற்றி யார் பேசுகிறார்கள்? கீமோவில் மாதவிடாய் நின்றால் கரு தரிக்காது என்று உறுதி இல்லை. கூச்சப்படாமல் கேளுங்கள்.

ஹார்மோன் சார்ந்த மார்பகப் புற்றுநோய் திரும்பாமல் தடுக்கக் கொடுக்கும் தமாக்சிஃபென் மாத்திரை தொடங்கியதும் குப்பென்று சூடு ஏறி வியர்க்க ஆரம்பித்தது. இரவில் உடை மாற்றும் அளவுக்கு. வெளியில் பார்த்த ஒரு டாக்டர், எஸிடாலோபிராமை மாற்றிப் பரோக்ஸெடின் போட்டால் பதற்றத்துக்கும் ஆகும், சூட்டுக்கும் ஆகும் என்றார். யோசனை வேறொருவருக்கு நல்லதாக இருந்திருக்கும். குறைந்த அளவுப் பரோக்ஸெடினை இந்தச் சூட்டுக்கென்றே எஃப்டிஏ 2013-இல் அனுமதித்திருக்கிறது. ஆனால் தமாக்சிஃபென் சாப்பிடுபவருக்கு அது சேராது. தமாக்சிஃபெனைக் கல்லீரலில் உள்ள சிஒய்பி2டி6 என்ற நொதிதான் எண்டாக்ஸிஃபென் என்ற வீரியமான வடிவமாக மாற்றுகிறது. பரோக்ஸெடின், ஃப்ளூவாக்ஸெடின், புப்ரோபியான் என்ற மனச்சோர்வு மாத்திரைகள் மூன்றும் அந்த நொதியை வலுவாக அடக்கும். டுலோக்ஸெடின் நடுத்தரமாக. 2010-இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வந்த கனடா ஆய்வில், தமாக்சிஃபெனையும் பரோக்ஸெடினையும் சேர்த்து அதிக காலம் எடுத்த பெண்களில் மார்பகப் புற்றுநோய் மரணம் கூடியிருந்தது. பிறகு வந்த ஆய்வுகள் எல்லாம் ஒரே மாதிரி சொல்லவில்லை. ஆனாலும் மாற்று இருக்கும்போது ஏன் சூதாட வேண்டும் என்பது என் புற்றுநோய் டாக்டரின் கருத்து, என்னுடையதும் அதுதான். நொதியை அதிகம் தொடாத வென்லாஃபாக்சினுக்கு மெதுவாக மாற்றினார்கள். அது ரத்த அழுத்தத்தைக் கொஞ்சம் ஏற்றக்கூடும் என்பதால் வீட்டில் அளந்து எழுதி வைத்துக்கொள்கிறேன்.

தமாக்சிஃபென் எடுப்பவர்கள் மஞ்சளிலிருந்து எடுத்து மிளகுச் சத்து கலந்த குர்குமின் காப்ஸ்யூல்களையும் கேட்காமல் தொடங்க வேண்டாம். எண்டாக்ஸிஃபென் அளவைக் குறைக்கலாம் என்று ஒரு சிறிய ஆய்வு சொல்கிறது. செறிவூட்டிய காப்ஸ்யூலைத்தான் சொல்கிறேன். இயற்கையானது என்பதால் பட்டியலில் எழுதத் தேவையில்லை என்று நினைப்பவர்கள் நிறைய. கல்லீரலுக்கு அந்த வித்தியாசம் தெரியாது.

இப்போது என்னிடம் ஒரே ஒரு தாள் இருக்கிறது. அதில் மருந்தின் வேதிப்பெயர், அளவு, எதற்காக, யார் எழுதியது, எப்போது நிறுத்துவது என்று இருக்கும். கம்பெனிப் பெயரை மட்டும் எழுதினால், ஒரே மருந்தை இரண்டு பெயரில் சாப்பிடுவது தெரியவே தெரியாது. எப்போது நிறுத்துவது என்ற கடைசிக் கட்டம்தான் முக்கியம் என்பேன். சேர்ப்பதற்கு ஆள் உண்டு, நீக்குவதற்கு ஆள் இல்லை. கீமோவுக்காக வந்த பான்டோப்ரசோலை ஆண்டுக்கணக்கில் விழுங்குபவர்களைக் காத்திருக்கும் அறையில் நிறையப் பார்த்திருக்கிறேன்.

மாத்திரைகளின் பெயரைப் போட்டால் எது எதோடு சேராது என்று காட்டும் செயலிகள் உண்டு. என் பட்டியலைப் போட்டால் திரை முழுவதும் சிவப்பாகிவிடும். எந்தச் சிவப்பு நிஜமான ஆபத்து, எது பெயருக்கு எச்சரிக்கை என்று அதற்குப் பிரிக்கத் தெரியாது. கேள்வியைத் தயார்செய்ய அது போதும். பதிலைப் பார்மசிஸ்டிடமோ டாக்டரிடமோதான் வாங்க வேண்டும். ஆனால் மயக்கம், நின்று நின்று அடிக்கும் இதயம், எழுப்பினால் எழ முடியாத தூக்கம், நடுக்கத்தோடு காய்ச்சல், கறுப்பாக மலம் போவது ஆகியவற்றுக்குச் செயலியும் வேண்டாம், அடுத்த அப்பாயின்ட்மென்டும் வேண்டாம். தாளை எடுத்துக்கொண்டு உடனே அவசரப் பிரிவுக்குப் போய்விட வேண்டும்.

ஒலான்சபின், பான்டோப்ரசோல், ப்ரீகாபலின் மூன்றும் என் தாளிலிருந்து போய்விட்டன. ப்ரீகாபலினை ஒரேயடியாக நிறுத்தவில்லை, படிப்படியாகக் குறைத்தோம். வென்லாஃபாக்சினையும் குறைக்க முடியுமா என்று அடுத்த தடவை கேட்கப்போகிறேன். அதை ஒரு வேளை மறந்தாலே எனக்குத் தலை கிறுகிறுக்கிறது, அதனால் அதற்கும் பல வாரம் பிடிக்கும் என்று டாக்டர் ஏற்கெனவே சொல்லிவைத்திருக்கிறார்.